அந்தக் கட்டத்தில் என் பெயரை அடித்துவிடு

அன்புக் கண்ணு,

நீ அனுப்பிய படிவத்தின் படத்தை இதுவரை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஜப்பானில் உன்னை வேலைக்கு எடுத்திருக்கும் கம்பெனிக்காரர்கள் பொறுப்பானவர்கள்தான். பூமி ஆடினால் எங்கே ஒடுங்க வேண்டும், கடல் ஏறினால் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும், பையில் எத்தனை பாட்டில் தண்ணீர் வைத்திருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் போட்டு, ஆபத்து நேரத்தில் தகவல் சொல்ல வேண்டிய சொந்தக்காரர் ஒருவர் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதில் நீ என் பெயரை எழுதி, உறவுமுறை 'அப்பா' என்று போட்டு, கீழே "சரிங்களாப்பா? வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கோணும்" என்று கேட்டிருந்தாய். நானும் யோசிக்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதோடு நிற்கவில்லை. காய்கறிக்கடையில் காட்டினேன். சலூனில் பாதி முடி வெட்டியிருக்கும்போது துண்டுக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினேன். "ஜப்பான்ல பூகம்பம் வந்தா முதல்ல எனக்குத்தான் சொல்லுவாங்க" என்று நான் சொன்ன தோரணையைப் பார்த்தால், அங்கே பூமி ஆடுவதற்கே என்னிடம் அனுமதி கேட்பார்கள் என்று தோன்றும். சலூன்காரர் மட்டும் "அங்க ஆடி முடிச்சப்பறம் உங்களுக்குச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?" என்று கேட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி என் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க எழுதியிருக்கறா" என்றாள். பிறகு அரிந்துகொண்டிருந்த அவரைக்காயை மறுபடி அரிய ஆரம்பித்தாள். முப்பது வருஷமாக அவளோடு குடித்தனம் செய்கிறேன். அவள் திட்டினால் எனக்கு உறைக்காது. இப்படி மரியாதையாகப் பேசிவிட்டு அவரைக்காய் பக்கம் திரும்பினால்தான் உறைக்கும்.

அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த வாரம் நீயே பெங்களூரிலிருந்து வரப்போகிறாய், நேரில் பேசலாமே என்று கேட்பாய். நேரில் பேசினால் பாதியிலேயே அதைச் சிரிப்புக் கதையாக மாற்றிவிடுவேன். அஞ்சு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் என் பெயர் இருக்கக்கூடாது கண்ணு. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் படித்துவிடு.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒருநாள் சூறைக்காற்று அடித்து, ஊர் முழுக்கக் கரண்டும் போய், போன் டவரும் படுத்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். உன்னைத் தேடி நான் காலேஜுக்கு வந்தேன். என்னைத் தேடி நீ கம்பெனிக்குப் போனாய். நம் இருவரையும் தேடி உன் அம்மா பஸ் ஸ்டாப்புக்கும் காலேஜுக்கும் நடந்தாள். காற்று நின்று வெகு நேரமாகியும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஊரைச் சுற்றினோம். கடைசியில் வீட்டுக்கு வந்து பார்த்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் பால்காரர் பால் வாங்க ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க, எல்லாரும் ஊரைக் காலி பண்ணிப்போட்டீங்களோன்னு நெனச்சனுங்க" என்றார்.

பம்பு கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனுக்கு நான் தலைவன். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு மோட்டார் வெளியே போகாது. அப்படிப்பட்டவன் வீட்டில் திட்டம் இல்லாமல் இருக்கலாமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சார்ட் பேப்பர் வாங்கி வந்து, சிவப்பு மையும் நீல மையுமாக எழுதி, பிரிட்ஜ் பக்கத்தில் ஒட்டினேன். ஆபத்து என்று வந்தால் யாரும் யாரையும் தேடிப் போகக்கூடாது. இருக்கிற இடத்தில் பத்திரமாக இருந்துகொண்டு, வெளியூரில் இருக்கும் ஒரே ஒரு ஆளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்த ஆள் மற்றவர்களுக்குச் சொல்லுவார். உள்ளூரில் லைன் கிடைக்காதபோதும் வெளியூருக்குக் கிடைக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். திட்டம் அருமையான திட்டம். இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்த வெளியூர் ஆள் யார் என்பதில்தான் வந்தது வினை. நான் அவிநாசியில் இருக்கும் உன் அத்தை பெயரைச் சொன்னேன். என் தங்கச்சி கெட்டிக்காரி, போனும் கையுமாக இருப்பவள். உன் அம்மா தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "தாய்மாமன் ஒருத்தரு உசுரோட இருக்கறப்ப அத்தைக்கு எப்பிடிங்க மொதல்ல சொல்றது? காது குத்தறதுக்கு மாமன் மடி வேணும், சீருக்கு மாமன் வேணும். வெள்ளத்துக்கு மட்டும் வேண்டாமுங்களா?" என்றாள். ஆனைமலையில் தோப்பும் துரவுமாக இருக்கும் உன் மாமனே முடிவானார். அதையும் போனில் சொல்லிவிட முடியுமா? முடியாது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் வைத்துக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். மாமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தட்டை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இம்மாம் பெரிய பொறுப்பு. வளர்பிறையில வந்து சொல்லியிருக்கலாமுங்களே மாப்ள" என்றார். வீடு முழுகும் நாளுக்கான ஏற்பாட்டை நல்ல நாள் பார்த்துச் செய்த குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

அதன்பிறகு அத்தை மூன்று மாதம் நம் வீட்டுக்கு வரவில்லை. "எங்கூட்டுக்கெல்லாம் நல்லதுன்னாத்தானுங்க சொல்லுவீங்க, வெள்ளம் வந்தாச் சொல்லமாட்டீங்க" என்று ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொண்டாள். அவளுக்கும் தனியாக ஒரு தட்டு வைத்து, மாமன் போன் எடுக்காவிட்டால் அத்தை என்று சார்ட்டில் ஒரு வரி சேர்த்த பிறகுதான் முகம் மலர்ந்தாள். மாமனோ புதுப் போன் வாங்கிவிட்டார். கோவையில் தூறல் போட்டால் போதும், உடனே கூப்பிட்டு "ஏதாச்சும் தகவல் இருக்குதுங்களா?" என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் கொஞ்சம் வருத்தப்படுவார்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. அடுத்த வருஷம் ஐப்பசியில் வந்த மழையும் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை நீ என் வாயால் மட்டுமே கேட்டிருக்கிறாய். நான் சொல்லும் கதை எப்படிப் போகும் என்று உனக்கு மனப்பாடம். ஆனைமலை போயிருந்த உன் அம்மா திரும்பி வந்து உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறாள். மழை கொட்டுகிறது. ரோட்டில் தண்ணீர். எனக்குப் போன் போடுகிறாள். நான் 'நீயே மெதுவாக வந்துரு' என்கிறேன். அவள் காதில் அது 'வாரேன்' என்று விழுகிறது. நான் வருவேன் என்று நம்பி, பேக்கரியில் மேசை மேல் நாற்காலி போட்டு, உற்சவத்துக்குப் புறப்பட்ட சாமி மாதிரி மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் நான் போய் மீட்டு வருகிறேன். இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், காதுகுத்தில் சொல்லியிருக்கிறேன், உன் காலேஜ் சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தபோது சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உன் அம்மா அங்கேதான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவளும் சிரித்தாள்.

அந்தக் கதை பொய் கண்ணு. அவள் காது சரியாகத்தான் கேட்டது.

போனை வைக்கும்போது ஊரே "வெச்சறட்டுங்களா" என்று கேட்கும். எனக்கு ஏனோ அந்தச் சொல் பிடித்ததில்லை. பேசிக்கொண்டிருக்கும் ஆளைக் கீழே வைப்பது மாதிரி இருக்கும். நேரில் ஒருவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று நம் ஊரில் யாராவது சொல்வார்களா? 'வாரேன்' என்றுதானே சொல்வோம். அந்தப் பழக்கத்தில் போனிலும் "சரி, வாரேன்" என்று சொல்லித்தான் வைப்பேன். வங்கியில் வேலை பார்ப்பவர் பேசினாலும் வாரேன், தெரியாத நம்பர்க்காரர் பேசினாலும் வாரேன். டெல்லியிலிருந்து கம்பெனிக்குப் பேசிய ஒருவரிடம் அப்படிச் சொல்லி, அவர் யாரிடமோ அர்த்தம் கேட்டுக்கொண்டு, எனக்காக ஸ்டேஷனுக்குக் கார் அனுப்பிவிட்டார். அதைக் கேட்டு நீ எவ்வளவு சிரித்தாய்!

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு முன்னால், டெஸ்டிங் ஷெட்டுக்குள் தண்ணீர் வர ஆரம்பித்தது. ஊர்த் தண்ணீரையெல்லாம் இறைக்கும் பம்பு செய்கிற கம்பெனிக்குள்ளே தண்ணீர்! இருக்கிற பம்பையெல்லாம் போட்டு இறைக்கலாம் என்றால் கரண்டு இல்லை. மோட்டார்களைத் தூக்கி பெஞ்சு மேல் வைக்கச் சொல்லி நான் கத்திக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் அவள் கூப்பிட்டாள். "ஏனுங்க, பஸ்ஸு உக்கடத்தோட நிறுத்திப்போட்டாங்க. இனி ஒண்ணும் போகாதுங்கறாங்க. ரோட்டுல தண்ணி ஏறிட்டு இருக்குதுங்க. நான் என்ன பண்ணட்டுமுங்க?" ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பதில் எதுவும் யோசிக்கவில்லை. அவளுக்குத் தெரியாத வழியா, எப்படியாவது வந்துவிடுவாள் என்று மனதின் ஒரு மூலையில் ஓடியிருக்கும். எதிரே ஒரு மோட்டார் சரிந்தது. "சரி சரி, வாரேன்" என்று சொல்லிப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். 'வந்துரு' என்ற சொல்லே என் வாயிலிருந்து வரவில்லை.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? திட்டத்தில் எழுதியிருப்பதை அப்படியே செய்தாள். பத்திரமாக இருக்கும் இடத்தில் ஒதுங்கினாள். மாமனுக்குப் போன் போட்டு, இன்ன பேக்கரியில் நிற்கிறேன், அவர் வாரேன் என்றிருக்கிறார் என்று சொன்னாள். அதற்கப்புறம் அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நீயும் அவளுக்கு முன்பே, காலேஜில் மாடி லேபிலேயே இருந்துகொண்டு மாமனைத்தான் கூப்பிட்டிருந்தாய். சார்ட்டை ஒட்டிய நான் ஒருவன்தான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நீ எனக்கு முன்னால் வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் நின்றாய். "அம்மா இன்னும் வல்லீங்களாப்பா?" என்று கேட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் போனில் பதில் இல்லை. மாமனுக்குப் போட்டால் லைன் பிஸி. மறுபடி போட்டால் மறுபடி பிஸி. பிறகுதான் தெரிந்தது, மனுஷன் பொறுப்பாக நாற்பத்திமூன்று சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார், அதில் பாதிப் பேர் அவரைத் திரும்பக் கூப்பிட்டு மழை நிலவரம் கேட்டிருக்கிறார்கள். அவர் எடுக்காவிட்டால் அத்தை என்று எழுதி வைத்தேனே, அந்த அத்தையும் அவரோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக லைன் கிடைத்தது.

"ஏனுங்க மாப்ள, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க மச்சான். அவ அங்க..."

"அங்க மழை எப்பிடிங்க?"

"மழைதானுங்க. மச்சான், அவ..."

"இங்கயும் ஒரே ஊத்துங்க. தோப்புல ரெண்டு மரம் சாஞ்சுபோச்சு. கண்ணு ஊட்டுக்கு வந்துருச்சுங்களா? சாப்புட்டுச்சுங்களா?"

எனக்கும் குறுக்கே பாய்ந்து கேட்கத் தெரியவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் 'ங்க' போட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உயிர் போகிற நேரத்திலும் மரியாதை போகவில்லை. கடைசியில் அவரே சொன்னார். "தங்கச்சி மத்தியானமே பேசிப்போட்டுதுங்க. உக்கடத்துல பேக்கரியில நிக்குதாமா. நீங்க வாரேன்னீங்களாமா. அதுனால எல்லார்த்துக்கும் நான் தைரியம் சொல்லிப்போட்டனுங்க, மாப்ள நேராப் போயிக் கூட்டிட்டு வந்துருவாருன்னு. வந்து சேந்தாச்சுங்களா?"

உன்னைப் போன் பக்கத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டு, நான் வந்திருந்த கம்பெனி டெம்போவை எடுத்துக்கொண்டு ஓடினேன். டெம்போவை ஒரு மேட்டில் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். மூடிய கடைகள். அவ்வளவு பெரிய ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. அந்த நடையில் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று உனக்கு எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், என் ஆயுசில் அப்படி ஒரு பயத்தை நான் பட்டதில்லை.

பேக்கரி முதலாளி ஒரு பாய். என்னைப் பார்த்ததும், "நீங்கதானுங்களா அவரு?" என்று கேட்டார். "மூணு தடவ படகு வந்துச்சுங்க. எல்லாரையும் ஏத்தி உட்டுட்டோம். இந்த அம்மா மட்டும் ஏறமாட்டேன்னுருச்சு. மாடியில எங்கூட்டுப் பொம்பளைங்க இருக்காங்க, அங்க வந்து இருங்கம்மான்னு எத்தனையோ தடவ கூப்பிட்டோமுங்க. 'அவரு வந்தா இங்கதானுங்க தேடுவாரு, மேல இருந்தாத் தெரியாது'ன்னுருச்சு. தண்ணி உள்ள வந்தப்ப நாங்கதான் மேசையப் போட்டு, அதுக்கு மேல சேரப் போட்டு உக்கார வெச்சோம்." மேலே உன் அம்மா. மடியில் செருப்பு, கையில் மாமன் கொடுத்தனுப்பிய தேங்காய்ப் பை, முகத்தில் ஈரம். பாயின் ஆட்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "வந்துட்டீங்களா" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். நான் சொன்னது, "உனக்கு அறிவு இருக்குதா? படகு வந்தா ஏறிப் போறதுக்கு என்ன?" என்பதுதான். "நீங்க வாரேன்னீங்களேங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பயம் தீர்ந்த கணத்திலேயே மானம் வந்து நின்றுகொண்டது. "வந்துருன்னுதான் சொன்னேன். நீயே வந்துருன்னேன். மழைச் சத்தத்துல உனக்குத்தான் காது கேக்கல" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்பிடிங்களா" என்றாள். பிறகு பாயின் கையைப் பிடித்துக்கொண்டு மேசையிலிருந்து இறங்கினாள்.

அவ்வளவுதான் கதை. அப்போதே ஒரு வார்த்தை திருத்தியிருந்தால் தீர்ந்திருக்கும். நான் வீட்டுக்கு வந்து உன்னிடமும் அதையே சொன்னேன். மாமனிடமும் சொன்னேன். நான் வாரேன் என்று சொன்னதை அவள் அன்றைக்கு மதியமே அவரிடம் சொல்லியிருக்கிறாள், அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் மாப்பிள்ளை பேச்சைப் பொய் என்று சொல்லிவிட முடியுமா? "அப்பிடித்தானுங்க இருக்கும் மாப்ள" என்றார். மரியாதையில் ஒரு குடும்பமே சேர்ந்து என் பொய்யைக் காப்பாற்றியது. அதோடு விட்டேனா? என் கதைக்குச் சாட்சி வேண்டுமென்று அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேனே, உனக்கு நினைவிருக்கிறதா? மறுபேச்சில்லாமல் வந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டபோதெல்லாம் கையைத் தூக்கினாள். டாக்டர் அம்மா வெளியே வந்து, "இவங்களுக்கு ரெண்டு காதும் அருமையாக் கேக்குது. நீங்கதான் கொஞ்சம் சத்தமாப் பேசறீங்க, வந்ததுக்கு ஒருக்கா நீங்களும் பார்த்துக்கறீங்களா?" என்றார். மோட்டார் சத்தத்தில் என் வலது காது போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து உன் அம்மா என் இடது பக்கமாக வந்து உட்காருகிறாள்.

இப்போது சொல், ஆபத்து நேரத்தில் நம்பக்கூடிய ஆள் என்று ஒருவர் பெயரைத்தான் எழுத முடியும் என்றால் அது என் பெயராக இருக்கலாமா? நீ அங்கிருந்து கூப்பிட்டு, 'அப்பா, இங்கே எல்லாம் ஆடுது' என்றால் நான் முதலில் பதறுவேன், பிறகு யோசனை சொல்லுவேன், பிறகு ஜப்பான்காரன் கட்டடம் கட்டுவதைப் பற்றிப் பேசுவேன். கடைசியில் 'சரி, வாரேன்' என்று சொல்லி வைத்துவிடுவேன். உன் அம்மா அப்படியல்ல. சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொள்வாள். கேட்டதை மாற்றாமல் இன்னொருவருக்குச் சொல்லுவாள். இருக்கிறேன் என்று சொன்ன இடத்தில் இருப்பாள். அந்தக் கட்டத்துக்கு அதுதான் தகுதி.

அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஒன்றிரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது நடந்தால் வருவேன், போவேன், பார்க்கலாம் என்றெல்லாம் பேசாதே. எங்கே நிற்கிறாய், அடி பட்டதா இல்லையா, அடுத்து எப்போது பேசுவாய், இந்த மூன்றைச் சொல். லைன் கிடைக்காவிட்டால் அதையே எழுதி அனுப்பு. பேச்சு நுழையாத இடத்திலும் எழுத்து நுழைந்துவிடும். அம்மாவின் நம்பரை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள். போன் செத்துவிட்டால், உனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் நம் பழைய காஸ் ஏஜென்சியுடையது மட்டும்தான். நீ யாரிடமாவது 'வருகிறேன்' என்று சொன்னால், அந்த வார்த்தையை நம்பி அங்கே ஒருவர் நிற்பார் என்று நினைத்துக்கொண்டு சொல். மாமன் உன்னைக் கூப்பிட்டு, ஜப்பானுக்கும் அவரே பொறுப்பு என்றால் மறுக்காதே, சரிங்க மாமா என்று சொல்லிவிடு. சாப்பிட்டாயா என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீ விஷயத்தைச் சொல்லிவிடு.

இவ்வளவையும் எழுதிவிட்டு, உனக்கு அனுப்புவதற்கு முன்னால் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அனுப்பினால் இதுவும் இன்னொரு பொய்யாகிவிடும் என்று தோன்றியது. தலை நிமிராமல் முழுதும் படித்தேன். முடித்ததும், "இதையெல்லாம் எதுக்குங்க புள்ளைக்கு எழுதீட்டு" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். எங்கள் கல்யாணமாகி நான் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு, அஞ்சு வருஷமாக எனக்குள் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். நான் எல்லாருக்கும்தான் வாரேன் என்று சொல்லி வைப்பேன், உனக்கு அது தெரியாதா, பிறகு ஏன் படகில் ஏறாமல் நின்றாய் என்று கேட்டேன்.

"தெரியுமுங்க. உங்களுக்கு அது வெறும் பேச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். "ஆனா அன்னைக்குத் தண்ணி ஏறீட்டே வந்துச்சு. எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுங்க. அன்னைக்கு ஒரு நாளாச்சும் நெசமாலுமே சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சுட்டனுங்க."

என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுது கண்ணு. இதற்குக் கீழே வழக்கம்போல, பயப்படாதே, எதுவானாலும் அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதினேன். எழுதியதும் அடித்துவிட்டேன். நீ போகிற ஊருக்கு நான் டெம்போ எடுத்துக்கொண்டு வந்து சேர முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அங்கிருந்து கூப்பிட்டால் அம்மா எடுப்பாள். நான் அவள் பக்கத்தில் இருப்பேன்.

இதை அவள் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பும்,
உன் அப்பா